நாளைக்கு ப்ராக்டிகல்

மெர்லின் கடைசித் தீற்றலையும் இழுத்து முடித்து, பிளாஸ்டிக் தொப்பியைத் தலையில் மாட்டி, இனிமேல் அசையக் கூடாது ஆன்ட்டி, வழிந்து நெற்றிக்கு வந்துவிடும் என்று சொல்லிவிட்டு நகர்ந்த பிறகு, அம்சவேணிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் போயிற்று. கழுத்தில் கட்டிய கறுப்புத் துணிக்குள் கைகள் இரண்டும் மாட்டிக்கொண்டிருந்தன. எதிரே கண்ணாடி. கண்ணாடியில் ஒரு கிழவி. கிழவி என்று சொல்லக் கூடாது, அறுபத்தியொன்றெல்லாம் இந்தக் காலத்தில் ஒரு வயதா என்று போனில் அந்தத் தம்பி அஸ்வத் சொன்னான், டிவிக்காரன், நாளைக்கு நிகழ்ச்சி நடத்தப் போகிறவன். நீங்க இன்னும் அப்படியே இருக்கீங்க மேடம். எங்கே பார்த்தான் இப்போதைய முகத்தை? அப்படியே என்றால் எப்படியே? சாயம் மண்டைத் தோலில் குளிர்ந்து, காதுக்குப் பின்னால் லேசாக எரிந்தது. சொறிய முடியாது. பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள் கால் இரண்டையும் நுரைத் தண்ணீரில் ஊறவிட்டு உட்கார்ந்திருந்தாள், தபால் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவள், பத்மாசினி என்று பெயர், வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், கணவருக்கு சுகர், பேத்திக்குக் காதுகுத்து. நீங்க என்ன விசேஷத்துக்கு அடிக்கறீங்க என்று கேட்டதற்கு அம்சவேணி, ஒரு ஃபங்ஷன், என்றாள். ஃபங்ஷன்தான். பொய்யில்லை. ஐந்து ஆண்களுக்கு நடுவே அவளை ஒரு சோபாவில் உட்கார வைக்கப் போகிறார்கள். படம் வந்து நாற்பது வருஷம். 'கடைசி பெஞ்சு காளைகள்'. பத்மாசினியிடம் அந்தப் பெயரைச் சொன்னால் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிடுவாளோ, அல்லது சிரிப்பாளோ. இரண்டையும் பார்த்தாயிற்று இந்த நாற்பது வருஷத்தில். சிரிப்பவர்கள்தான் அதிகம். சிரிக்கிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை.

டிவி அவளுக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்தது. கண்ணாடியில் தெரிந்தது, இடவலம் மாறி. ஏதோ ஒரு காமெடி சேனல், நாள் பூராவும் பழைய படங்களை ஓட்டுகிற சேனல். உள்ளே வந்தபோது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. இப்போது ஒரு பேருந்து வந்தது, கல்லூரி வாசலில் நின்றது, அதன் கூரை மேல் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், மஞ்சள் சட்டை, சிவப்புச் சட்டை, அகல பெல்பாட்டம். இதுவா? நாளைக்கு நிகழ்ச்சி என்பதற்காக இன்றைக்கே போடுகிறார்களா, இல்லை வாரத்துக்கு ஒருமுறை போடுவதுதானா? கூரை மேல் நடுவில் கிருபாகர். மாணவன். அப்போதே அவனுக்கு முப்பத்தைந்து வயது, இடுப்பில் பெல்ட் போட்டு வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் ஷாட்டுக்கு வருவான், ஷாட் முடிந்ததும் அதை அவிழ்க்கும்போது அப்பாடா என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மற்ற நான்கு பேரும் அவனைவிடக் கொஞ்சம் சின்னவர்கள், ஒருவனுக்கு இரண்டு குழந்தைகள். இவர்கள் மாணவர்கள். பாடம் எடுக்கிற பாட்டனி மிஸ்ஸுக்கு வயது இருபத்தொன்று. மூக்கு நுனியில் ஒரு கண்ணாடியை மாட்டிவிட்டு, கொண்டையைப் பெரிதாக வைத்தால் மிஸ் ஆகிவிடலாம் என்றார்கள். அம்சவேணி என்றால் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறது என்று அமிதா என்று வைத்தார்கள். குரூப் டான்ஸில் மூன்றாவது வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவளுக்கு வசனம் பேசுகிற வேஷம். அம்மா அன்றைக்கு வடபழனி கோயிலில் போய் விழுந்து கும்பிட்டாள்.

சத்தம் வேண்டாம், தயவுசெய்து சத்தம் மட்டும் வேண்டாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மெர்லினுக்குப் போன் வந்தது. நாகர்கோவிலில் இருந்து அவளுடைய அக்கா. மெர்லின் ரிமோட்டை எடுத்து டிவியின் வாயை அடைத்துவிட்டு, ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். வீட்டுப் பத்திரம் பற்றி ஏதோ, குரல் உயர்ந்தும் தாழ்ந்தும் வந்தது. பத்மாசினி கொஞ்சம் முகம் சுளித்தாள், நல்ல படம், இதைப் போய் ஊமையாக்கிட்டாளே, என்றாள். நல்ல படம். அம்சவேணி கண்ணாடியில் பத்மாசினியைப் பார்த்தாள். நெற்றியில் குங்குமம், காதில் வைரத் தோடு, அறுபத்தைந்து இருக்கும். இவள் எங்கே பார்த்தாள் இதை? அந்தக் காலத்தில் பெண்கள் தியேட்டருக்குப் போய் இந்தப் படத்தைப் பார்த்ததாகவே யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பையன்கள்தான் வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போனார்கள், நூறு நாள் போனார்கள். ஆனால் பத்மாசினி தானே சொன்னாள், கல்யாணமான புதிது, அவருக்கு இந்த மாதிரிப் படம்னா உயிர், என்னையும் இழுத்துக்கிட்டுப் போனார், நான் முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு சிரிச்சேன், என்று. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. அப்படித்தான் சிரித்திருப்பார்கள். ஆண்கள் வாயைத் திறந்து, பெண்கள் வாயை அடைத்துக்கொண்டு. எதைப் பார்த்து என்பது ஒன்றுதான்.

படத்தின் வரிசை அவளுக்குத் தெரியும். பஸ் கூரைக்கு அப்புறம் முதல்வர் அறை, முதல்வர் நாற்காலியில் பசை. அதற்கு அப்புறம் லேடீஸ் ஹாஸ்டல் சுவரில் ஐந்து ஓட்டைகள், உயரத்துக்கு ஏற்றபடி, குள்ளனுக்குத் தனியாக ஒரு செங்கல். அதற்கு அப்புறம் ஒரு பாட்டு, தோட்டத்தில், பூசணிக்காய்களை வைத்துக்கொண்டு என்னென்னவோ. அதற்கு அப்புறம் பாட்டனி வகுப்பு. தெரியும் என்றாலும் அந்த வகுப்பை மட்டும் பார்த்துத் தெரிந்ததில்லை. பிரிவியூவில் ஒரு தடவை உட்கார்ந்தாள், அந்தக் காட்சி வரப் போகிறது என்பதற்கு உறுமி மேளத்தில் ஒரு அடி விழும், டுர்ர்ர் என்று, அந்த அடி விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்கு வெளியே தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. அதற்குப் பிறகு கேபிள் டிவி வந்தபோது, பிறகு யார் யாரோ போனில் அனுப்பியபோது, அந்த மேளச் சத்தம் கேட்டாலே எழுந்து போய்விடுவாள், முடியாவிட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். மேளம் அவளுக்கு மணி அடித்த மாதிரி. ஆகவே அந்தக் காட்சி அவளைப் பொறுத்தவரை ஒரு சத்தம்தான். மேளம், அப்புறம் சிரிப்பு, அப்புறம் அந்தக் குரல். நாளைக்கு வாங்க… நாளைக்கு வாங்க… ப்ராக்டிகல் வெச்சுக்கலாம். தேன் தடவின மாதிரி ஒரு குரல், கடைசியில் மூக்கால் ஒரு சிணுங்கல். அவள் குரல் அல்ல. அவள் குரல் தட்டையாக இருக்கிறது என்று டைரக்டர் சொல்லிவிட்டார், வேறு ஒரு அம்மாளை வைத்து டப்பிங் பேச வைத்தார்கள், அந்த அம்மாளை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் ரேஷன் கடையில், பேருந்தில், கல்யாண வீட்டில் பந்தியில், யாராவது ஒருவன் அவளை அடையாளம் கண்டுகொண்டால், பக்கத்தில் இருப்பவன் காதில் கிசுகிசுப்பது அந்தக் குரலில்தான். நாளைக்கு வாங்க. நாற்பது வருஷமாக நாளைக்கு வாங்க.

காதுக்குப் பின்னால் எரிச்சல் கூடியது. மெர்லினைக் கூப்பிடலாமா? உள்ளே பத்திரம் இன்னும் முடியவில்லை. ஐந்து ஓட்டைகள் வந்துவிட்டன திரையில், சத்தமில்லாமல், ஐந்து பின்பக்கங்கள் வரிசையாக. பத்மாசினி சத்தமில்லாமலேயே சிரித்தாள். ஹிந்தி டியூஷன் ஞாபகம் வந்தது, ஏன் இப்போது வர வேண்டும், ஓட்டைகளைப் பார்த்ததாலா? படங்கள் நின்ற பிறகு, மகன் செழியன் பிறந்த பிறகு, சாலிகிராமத்து வீட்டில் முன்னறையில் குழந்தைகளுக்கு ஹிந்தி சொல்லிக் கொடுத்தாள். பரீட்சைக்கு அனுப்புவாள், எல்லாம் பாஸாகும். பதினைந்து இருபது பிள்ளைகள், வாசலில் செருப்பாகக் கிடக்கும். அப்புறம் கேபிளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தப் படத்தைப் போட்டான். திங்கட்கிழமை எட்டுப் பிள்ளைகள் வந்தன. அடுத்த வாரம் மூன்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, காய்ச்சல் என்றார்கள், பாட்டு கிளாஸ் என்றார்கள். எதிர்வீட்டு அம்மாள் மட்டும், தப்பா நினைச்சுக்காதீங்க, வீட்டுல அவர் ஒத்துக்கல, என்று வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த அவர் மாடியில் துணி காயப்போட வரும்போதெல்லாம் இவள் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்பார். கரும்பலகையைக் கழற்றிப் பரணில் போட்டாள். கரும்பலகை என்றாலே அவளுக்கு ராசியில்லை.

அன்றைக்கும் கரும்பலகைதான். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நிஜக் கல்லூரி, கோடை விடுமுறை. செம்பருத்திப் பூவை வரைந்து வைத்திருந்தது ஆர்ட் டிபார்ட்மெண்ட். கூட்டத்துக்கு நிஜ மாணவர்களையே பிடித்து உட்கார வைத்திருந்தார்கள், துணை நடிகர்களைவிட அவர்கள் மலிவு, சாப்பாடு போட்டால் போதும், கிருபாகரைப் பக்கத்தில் பார்க்கலாம் என்று ஓடி வந்தார்கள். ரிகர்சலில் அவளுக்குச் சொன்னது இதுதான்: நீ பலகையில எழுதிக்கிட்டு இரு, ஜன்னல்ல இருந்து தூண்டில் போடுவாங்க, முள்ளு முந்தானையில மாட்டும், இழுப்பாங்க, நீ முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு திரும்பி முறைக்கணும். முறைக்க வேண்டும், அவ்வளவுதான். மூக்குக்கண்ணாடி வழியாக முறைப்பதை அவள் ராத்திரி வீட்டில் பழகிப் பார்த்துக்கொண்டாள், மிஸ் முறைப்பது எப்படி என்று தன்னுடைய பள்ளிக்கூடத்து டீச்சரை நினைத்துக்கொண்டு. காலையில் காஸ்ட்யூமர் அக்கா, வழக்கமாகத் தோளில் பின் குத்துகிறவள், இன்றைக்குப் பின் வேண்டாம் என்றாள். லைட்டுல மின்னுது, கேமராமேன் வேண்டாம்னுட்டார். நூலால் ரெண்டு தையல் போட்டாள். ரவிக்கையும் புதிது. ஹூக்குக்குப் பதிலாக டிச் பட்டன் வைத்திருந்தது. எதுக்குக்கா இது, என்று அம்சவேணி கேட்டாள். அக்கா பதில் சொல்லாமல் வாயில் ஊசியை வைத்துக்கொண்டிருந்தாள். ஊசி வாயில் இருந்ததால் பதில் சொல்லவில்லை என்று அன்றைக்கு நினைத்தாள். அது எத்தனை பெரிய முட்டாள்தனம் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்தாயிற்று, நினைத்து நினைத்து அந்த ஊசி மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது, அக்காவின் முகம் மறந்து போயிற்று. தூண்டில் இழுத்தது முந்தானையோடு நிற்கவில்லை. இரண்டு முள். ஒன்று முந்தானையில், ஒன்று ரவிக்கையின் ஓரத்தில். டப் டப் டப் என்று பட்டன்கள் விட்டன, வறுக்கிற கடுகு மாதிரி. அவளுக்கு ஒரு கையில் சாக்பீஸ், இன்னொரு கையில் பாடத்துக்குக் கொடுத்த நிஜப் பூ. திரும்பிவிட்டாள், சொல்லியிருந்த மாதிரியே திரும்பிவிட்டாள். எதிரே வகுப்பு முழுக்கப் பையன்கள், பெஞ்சில் ஏறி நின்று. அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. சிரிப்பு ஒரு அலை மாதிரி வந்து மோதியது. டைரக்டர் கட் சொல்லவில்லை. சொல்லவேயில்லை. கடைசியில் சொன்னபோது கூடவே கை தட்டினார். நேச்சுரல், நேச்சுரல்மா, சொல்லியிருந்தா இந்த எக்ஸ்பிரஷன் வருமா உனக்கு? எல்லோரும் தட்டினார்கள். கிருபாகர் பெல்ட்டை அவிழ்த்தான், அப்பாடா.

அம்மா வேப்பமரத்தடியில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தாள். ஓடிப் போய் அவள் மடியில் விழுந்தபோது அம்மா முதுகைத் தடவினாள். தடவிக்கொண்டே, குளோசப் வெச்சிருக்காங்களாம்டி, தனியா உனக்கு, என்றாள். அம்மாவை வெறுக்க வேண்டும் என்று எத்தனையோ தடவை முயன்றாயிற்று. முடியவில்லை. அந்தக் கை சூடாக இருந்தது, அதுதான் காரணம். இப்போது அம்மா இல்லை. டைரக்டர் இல்லை. நாளைக்கு அவர் படத்துக்கு மாலை போட்டு மேடையில் வைப்பார்களாம், அஸ்வத் சொன்னான். மாலையைக்கூட அவளையே போடச் சொல்வார்களோ என்னவோ. அவளுடைய புருஷன் தணிகைவேலும் இல்லை. மின்வாரியத்தில் வேலை, நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், அவளும் சொல்வாள். சினிமாவில் இருந்தவள் என்று தெரிந்துதான் கட்டினார். ஒரு நாளும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசியதில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. செழியன் பள்ளிக்கூடத்தில் ஒரு பையனின் பல்லை உடைத்துவிட்டு வந்த நாள். காரணம் கேட்டபோது செழியன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான், கடைசியில், நாளைக்கு வாங்கன்னு சொன்னான்மா, என்றான். அன்றைக்கு இரவு அவள் முதல் தடவையாகத் தணிகைவேலிடம் எல்லாவற்றையும் சொன்னாள், பின், டிச் பட்டன், இரண்டு முள், எல்லாம். ஏமாத்திட்டாங்க, என்றாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு கோபமே இல்லாமல், ஒரு கணக்கில் சந்தேகம் கேட்பது மாதிரிக் கேட்டார்.

"நீ வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்திருப்பானா?"

அந்த ஒரு வார்த்தை. சொன்னேனா? யோசித்துப் பார்த்தாள், அன்றைக்கு, மறுநாள், அப்புறம் இருபத்தைந்து வருஷம், அவர் போன பிறகும். திரும்பினது ஞாபகம் இருக்கிறது. சிரிப்பு ஞாபகம் இருக்கிறது. பூவின் தண்டு கையில் நசுங்கிப் பிசுபிசுத்தது ஞாபகம் இருக்கிறது. வாய் என்ன செய்தது? அந்த இடத்துக்கு வந்தால் அந்தக் குரல்தான் கேட்கும். நாளைக்கு வாங்க. உள்ளே எத்தனை ஆழத்துக்குப் போய்ப் பார்த்தாலும் தேன் தடவின அந்தக் குரல் அங்கே முன்பே வந்து உட்கார்ந்திருக்கும். ஒருவேளை நான் சும்மாதான் நின்றேனோ? சிரித்துக்கூட இருப்பேனோ? குளோசப் ஆசையில்? அப்படியெல்லாம் இல்லை என்று சத்தியம் செய்ய ஆசைதான், ஆனால் எதன் மேல் செய்வது? போகப் போக அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். சும்மா நின்றவள்தான் நான். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள். இல்லாவிட்டால் இந்த நிகழ்ச்சிக்கு மட்டும் ஏன் சரி என்றாள்? செழியன் பெங்களூரிலிருந்து போனில், எதுக்கும்மா திரும்பவும், என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டான். அஸ்வத் நயமாகப் பேசினான், உங்களுக்கு ஒரு மரியாதை செய்யணும் மேடம் என்றான். மரியாதை. அந்த வார்த்தைக்கு அவள் மயங்கினாள், வெட்கமில்லாமல் மயங்கினாள், யார் அவளுக்கு அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள், பட்டுப்புடவை எடுத்து வைத்தாள், இதோ சாயம் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எல்லாம் ஒத்துக்கொண்ட பிறகுதான் அவன் சொன்னான், அந்த டயலாக்கை மட்டும் ஒரு தடவை ஸ்டேஜில சொல்லணும் மேடம், கிருபாகர் சார் தூண்டில் போடுற மாதிரி பண்ணுவார், ஜாலியா இருக்கும். அதற்கு அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பார்க்கலாம் தம்பி, என்றாள். அவன் சரி என்று எடுத்துக்கொண்டான். சொல்லாமல் இருந்தால் எல்லோரும் சரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

இதை நினைத்துக்கொண்டிருந்ததால்தான் திரையைக் கவனிக்கவில்லை. மேளமும் அடிக்கவில்லை, அடித்திருக்கும், ஊமைப் பெட்டிக்குள்ளேயே அடித்துவிட்டு அடங்கியிருக்கும். கண்ணைத் தூக்கியபோது கண்ணாடிக்குள் கரும்பலகை இருந்தது, செம்பருத்தி இடது பக்கம் இருக்க வேண்டியது வலது பக்கம் இருந்தது, எழுத்தெல்லாம் திரும்பிக் கிடந்தது, பலகைக்கு முன்னால் ஒரு பெண்ணின் முதுகு. ஒல்லி முதுகு. யார் இந்தப் பெண், இவ்வளவு சின்னப் பெண், என்று நினைத்து முடிப்பதற்குள் முதுகு திரும்பிவிட்டது. கண்ணை மூடு. மூட முடியவில்லை. மூடுவதற்கு மணி அடிக்கவில்லையே. அவள் பார்த்தாள். முந்தானை போயிற்று, பட்டன் போயிற்று, அதையெல்லாம் யார் பார்த்தார்கள், முகம், முகம்தான். முகத்தில் சிரிப்பே இல்லை. குளோசப் வந்தது, அம்மா சொன்ன குளோசப், திரை முழுக்க அந்த முகம். வாய் அசைந்தது. நாளைக்கு வாங்க என்று கேட்டுக் கேட்டுப் பழகின இடத்தில் சத்தமில்லாமல் வாய் மட்டும் அசைந்தது. வாங்க என்றால் வாய் திறக்க வேண்டும், ஆவென்று திறக்க வேண்டும். திறக்கவில்லை. குவிந்தது. உதடு முன்னால் குவிந்து, நாக்கு பல்லைத் தொட்டு, மறுபடி குவிந்தது. அவள் கறுப்புத் துணிக்கு மேலே, தன் கிழட்டு வாயால், சத்தமில்லாமல் அதை அப்படியே செய்து பார்த்தாள். நி. று. த்து. நிறுத்துங்க. மறுபடியும், நிறுத்துங்க சார். அப்புறம் ப்ராக்டிகல் வருகிற இடம். அங்கே உதடுகள் ஒட்டிப் பிரிந்தன, முதலில் அல்ல, கொஞ்சம் தள்ளி. கேமரா. மகரம் வரும் இடம். அதைத்தான் பிடித்துக்கொண்டு டப்பிங்குக்கு வசனம் எழுதினவன் பகரத்தைக் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறான், உதடு ஒட்டும் இடத்துக்கு உதடு ஒட்டும் எழுத்து, எத்தனை நேரம் உட்கார்ந்து யோசித்தானோ, எத்தனை டீ குடித்தானோ. வாயைப் பார்த்துப் பார்த்துத்தானே எழுதியிருப்பான்? அப்படியானால் அவனுக்குத் தெரியும். டைரக்டருக்குத் தெரியும். எடிட்டருக்குத் தெரியும். தேன் குரல் அம்மாளுக்கும், மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த வாயைத் திரும்பத் திரும்பப் பார்த்தவளுக்கும் தெரிந்திருக்கும். எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியாது.

கேமராவ நிறுத்துங்க. சொன்னேன். ஒரு வார்த்தை கேட்டீங்களே, மூன்று தடவை சொன்னேன். யாரிடம் போய் இதைச் சொல்வது? ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த மனுஷன் எங்கே? அவளுக்கு அழுகை வரவில்லை. இதற்கு ஒரு சந்தோஷம் வர வேண்டுமல்லவா, நான் சும்மா நிற்கவில்லை என்று தெரிந்ததற்கு? வரவில்லை. சொல்லியிருக்கிறேன், சொல்லியும் எடுத்திருக்கிறான். வேண்டாம் என்று சொன்னால் எடுக்க மாட்டான் என்று அவர் எத்தனை அப்பாவியாக நம்பியிருக்கிறார். அந்த அப்பாவித்தனத்தின் பாரத்தைத்தானே இத்தனை வருஷம் இவள் சுமந்தாள். திரையில் இப்போது பையன்கள் பெஞ்சு மேல் நின்று குதித்தார்கள். நிஜ மாணவர்கள். அவர்களுக்கும் இப்போது அறுபது இருக்கும், பேரன் பேத்தி எடுத்திருப்பார்கள், அவர்களில் ஒருவனாவது அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டிருப்பான், முன் பெஞ்சுக்காரன், இத்தனை பக்கத்தில். கேட்டும் சிரித்தான்.

பத்மாசினி சிரிப்பை அடக்க முடியாமல் இவள் பக்கம் திரும்பினாள். சத்தம் இல்லாததால் அவளே அந்த வசனத்தைச் சொன்னாள், அந்தக் குரலிலேயே, மூக்குச் சிணுங்கல் தப்பாமல். பிறகு, இந்தப் பொம்பளைக்கு எவ்வளவு துணிச்சல் பாருங்க, அந்தக் காலத்திலேயே, என்றாள். அவள் சொன்ன விதத்தில் கெட்ட எண்ணம் இல்லை, கொஞ்சம் மெச்சுகிற மாதிரிகூட இருந்தது. அதுதான் அம்சவேணியைப் பேச வைத்தது.

"அவ அதைச் சொல்லல. நிறுத்துங்கன்னு சொல்றா."

"யாரு?"

"அந்த டீச்சர். கேமராவை நிறுத்தச் சொல்றா. வாயைப் பாத்தாத் தெரியும்."

பத்மாசினி உடனே திரையைப் பார்த்தாள், நல்ல பெண்மணி, நிஜமாகவே பார்த்தாள். திரையில் சாம்பார் பொடி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, எல்லோரும் வாயை அசைத்தார்கள். பத்மாசினி கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு, உங்களுக்கு எப்படித் தெரியும், என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கண்ணாடியில், பிளாஸ்டிக் தொப்பிக்கும் கறுப்புத் துணிக்கும் நடுவே தெரிந்த முகத்தை அவள் உற்றுப் பார்ப்பதை அம்சவேணி கண்டாள். நெற்றியிலிருந்து மெல்ல இறங்கி, மூக்கு, உதடு, அங்கே ஒரு கணம் நின்று. தெரிந்துகொண்டாள் என்றுதான் பட்டது. பத்மாசினி தண்ணீருக்குள் காலை ஒன்றன் மேல் ஒன்றாக மாற்றி வைத்தாள். தண்ணி ஆறிப்போச்சு, என்றாள், யாரிடமும் இல்லாமல்.

மெர்லின் உள்ளறையில் இன்னும் அக்காவிடம் வாதாடிக்கொண்டிருந்தாள். அம்சவேணியின் மடியில், துணிக்கு அடியில், போன் அதிர்ந்தது. கையை வெளியே எடுத்தால் சாயம் படும். எடுத்தாள். அஸ்வத். நாளைக்கு வண்டி அனுப்பும் நேரத்தைச் சொன்னான், மேக்கப் அங்கேயே போட்டுக்கொள்ளலாம் என்றான், கிருபாகர் சார் ரொம்ப ஆர்வமாக இருக்கிறார் என்றான். அப்புறம் கொஞ்சம் இழுத்து, அந்த விஷயத்துக்கு வந்தான். போகாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது அவளுக்கு. உடம்பு சரியில்லை என்றால் போதும், காய்ச்சல், பாட்டு கிளாஸ். போகாவிட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, காலி இடத்தில் பெரிய திரை வைத்து அந்தக் காட்சியைப் போடுவார்கள், சத்தத்தோடு.

"மேடம், அந்த டயலாக்… ஓகேதானே? ஒரே ஒரு தடவை."

"சொல்றேன் தம்பி. அன்னைக்குச் சொன்னதை அப்படியே சொல்றேன்."

"அதான் மேடம் வேணும். அப்படியே அதே எக்ஸ்பிரஷனோட."

"அதே எக்ஸ்பிரஷன்தான் வரும்."

சூப்பர் மேடம் என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான். சின்னப் பையன், அவன் பிறப்பதற்கு முன்னால் எடுத்த படம். மேடையில் அவள் அதைச் சொல்லும்போது என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கிருபாகர் கையில் விளையாட்டுத் தூண்டிலோடு நிற்பான். அவனுக்குப் புரியும், அவனுக்கு ஒருவனுக்காவது புரியும், பக்கத்தில் நின்றவன். மற்றவர்கள் ஒரு கணம் விழிப்பார்கள். பிறகு, புதுசா ஏதோ ஜோக் என்று நினைத்துக்கொண்டு, சிரிப்பார்கள். டிவியில் வரும்போது அந்த இடம் இருக்காது. வெட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் பழைய குரலை எடுத்து மேலே ஒட்டிவிடுவார்கள், அது அவர்களுக்கு என்ன பெரிய வேலை. இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் அவள் சொன்னாள். ஒரு முறை காதுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான், தட்டையான அந்தக் குரலில், மைக்கில், அவளுடைய காதுக்கு.

மெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சாரி ஆன்ட்டி, நேரமாயிடுச்சு, கழுவிடலாம், என்று சொல்லிக்கொண்டே ரிமோட்டை அழுத்தினாள். அறை முழுக்க ஒரே அடியில் சிரிப்புச் சத்தம் நிறைந்தது. அம்சவேணி எழுந்திருக்கப் போனாள். அதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து பத்மாசினி, டிவியைப் பார்க்காமல், தன் காலையே பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கடுமையாகவே சொன்னாள்.

"அதை நிறுத்தும்மா."

மெர்லின் ஒன்றும் புரியாமல் நிறுத்தினாள்.